நாலு விரற்கடை

இரவு பதினொன்றேகால்.
கிஷினாவிலிருந்து வரும் ரயில்
உங்கேனியில் செருப்பைக் கழற்றுகிறது.

இங்கே தண்டவாளம் அகலம்.
ப்ரூத் ஆற்றைத் தாண்டினால் ஒடுக்கம்.
நாலு விரற்கடைதான் வித்தியாசம்.
எந்தப் பேரரசின் எந்தப் பொறியாளன்
எந்தக் காப்பிக்குப் பின் கோடு கிழித்தானோ,
அந்த நாலு விரற்கடைக்காகப்
பெட்டிக்கு நாலு ஜாக்கி,
பதினோரு பெட்டி, இரண்டு மணி நேரம்,
என் இடுப்புவலி.

பயணிகள் இறங்குவதில்லை.
உறங்குகிறவர்களை உறக்கத்தோடே தூக்குகிறேன்.
பச்சைப் பொத்தானை அழுத்தினால்
நாலு ஜாக்கியும் ஒன்றாக ஏறவேண்டும்.
ஒன்று அரை விரல் பிந்தினாலும்
மற்ற மூன்றும் நின்றுவிடும்.
முரட்டு ஒற்றுமை.
குறை சொல்லமாட்டேன்:
அடியில் சக்கரம் உருட்டுகிற இலாரியோனுக்கு
இரண்டு பிள்ளைகள்.

விதிப்புத்தகம், பதினேழாம் பக்கம்:
பெட்டி அந்தரத்தில் இருக்கையில்
கதவு திறக்கலாகாது.
யாரும் ஏறலாகாது, இறங்கலாகாது.
யாரும் என்றால் யாரும்.

மார்ச் மாதம், ஈரப்பனி.
ஆறாம் பெட்டியில் எல்லைக் காவலன் யூஸ்தின்
ஒரு பெண்ணிடம் நின்றுவிட்டான்.
கடவுச்சீட்டில் ஆங்கெலினா.
வசிப்பு அட்டையில் ஆஞ்செலினா.
அவர்கள் எழுத்தில் ஒரே ஒரு எழுத்து கூடுதல்,
கண்ணாடிமேல் ஊதிய மூச்சளவு.
கணினி ஒத்துக்கொள்ளவில்லையாம்.
பையன் நல்லவன்தான்.
கணினிக்குத் தெரிந்தது பச்சை, சிவப்பு.
என் பலகைக்கும் அவ்வளவுதான்.

ஜன்னலை இறக்கிக் கத்தினான்:
"தோம்னிக்கா, ஆறாம் பெட்டியைக் கீழே விடுங்கள்,
ஒருவரை இறக்கவேண்டும்."
சக்கரம் இல்லையே அப்பா,
எதன்மேல் விட?
"கதவையாவது திறங்கள், ஏணி போடலாம்."
பதினேழாம் பக்கம் என்றேன்.
"என் சட்டம் என்னவென்றால்..."
எனக்கும் சட்டம்தான்.

இரண்டு விறைத்த சட்டங்கள்
முட்டிக்கொண்டு நிற்க,
நடுவே ஓர் ஆள் உயரத்தில் அவள்.
நாட்டுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை,
மடியில் செர்ரிப் பாகு ஜாடி.
எதற்குப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இரங்கியிருப்பேன்.
இரங்கியவள் பொத்தானைத் தொடக்கூடாது.

கீழே இலாரியோன்
ஒடுக்கச் சக்கரத்தை உருட்டி வந்தான்.
டக்,
தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
நாங்கள் விட்டுவைத்த நகக்கண் இடைவெளியில்.
மார்ச்சில் அது வெறும் சத்தம்.
ஜூலையில் அது இல்லாவிட்டால்
இரும்பு நெளிந்து புல்லுக்குள் போய்விடும்.

யூஸ்தின் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அடியில் ஒரு கட்டம்: குறிப்புகள்.
அதில் யாரும் எழுதியதில்லை.
எழுதாதே என்று யாரும் சொன்னதுமில்லை.
அவனிடம் பேனா இல்லை.
ஆங்கெலினாதான் கொடுத்தாள்.
ஆஞ்செலினாதான்.
நெடுநேரம் எழுதினான்,
பரீட்சைப் பையனைப்போல நாக்கைக் கடித்துக்கொண்டு.

பெட்டியை இறக்கினேன்.
நடு ஆணி குழியில் உட்காரவில்லை,
ஒரு மயிரிழை.
"போகிற வழியில் தானே அமர்ந்துவிடும்,
நேரமாகிறது" என்றார் நிலைய அதிகாரி.
மறுபடி தூக்கினேன்.
மறுபடி இறக்கினேன்.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
நான் ஆணியைப் பார்த்தேன்.
ஒன்பது நிமிடத் தாமதம்.
ரயில் புதுச் சக்கரத்தில்
பாலத்தின்மேல் நடை பழகிக்கொண்டே போயிற்று.

அடுத்த மாதம் புதுப் படிவம் வந்தது,
வழவழப்பான தாள்.
குறிப்புகள் என்ற கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.
யாரும் பயன்படுத்துவதில்லையாம்,
இடம் மிச்சமாம்.

யூஸ்தின் என்னிடம் காட்டினான்.
நான் எண்ணெய்த் துணியில் கை துடைத்துக்கொண்டேன்.

ஜூலை வரட்டும்.